திரும்பி வரும் நாள்

பசறைப் பக்கத்துப் பாடசாலை மாணவி ஒருத்தி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். கொரோனாத் தொற்று நாட்டை ஆட்டிவைத்த காலத்தில், வெளிநாட்டில் தொழில் புரிந்தவர்கள் விடுமுறையில் வீட்டுக்கு வந்து திரும்பிப் போவதற்கு என்னென்ன ஆயத்தம் செய்தார்கள் என்று கட்டுரை எழுதும்படி வகுப்பாசிரியை கூறினாராம். "அப்போது நான் சிறுபிள்ளை, எனக்கு நினைவிருப்பதெல்லாம் பாடசாலை மூடிக்கிடந்ததுதான். தாங்கள் ஏதாவது எழுதினால் உதவியாக இருக்கும்" என்கிறாள். கட்டுரையை எழுதித் தரும்படி கேட்கவில்லை; விஷயத்தைத் தான் கேட்கிறாள். அதனால் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

அந்த மாணவி 'வீட்டுக்கு' என்று எழுதிய இடத்தில் முதலில் 'ஊருக்கு' என்று எழுதிப் பின்னர் அடித்திருந்தாள். ஏன் அடித்தாளோ, தெரியவில்லை. ஆனால் அந்த அடித்தல் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. நம்முடைய ஊவா மலைத் தோட்டங்களில் 'ஊர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. என் இளமைக் காலத்தில் லயத்துப் பெரியவர்கள் "ஊருக்குப் போகிறேன்" என்றால் அது திருச்சியையோ புதுக்கோட்டையையோ இராமநாதபுரத்தையோ குறிக்கும். அவர்கள் பிறந்து வளர்ந்து கொழுந்து பறித்த தோட்டம் ஊராகாது, அது சீமை. இன்றைக்கு டுபாயிலும் குவைத்திலும் இருக்கும் இளைஞன் "ஊருக்கு வருகிறேன்" என்று தொலைபேசியில் சொன்னால், அது இதே லயத்தைத் தான் குறிக்கிறது. சொல் அப்படியே இருக்க, அது சுட்டும் திசை கடல் தாண்டி மாறிவிட்டது.

அந்தச் சொல் மாறிய வரலாற்றையும், மாணவி கேட்ட ஆயத்தத்தையும் ஒரே குடும்பத்தில் நான் கண்டிருக்கிறேன். பதுளையிலிருந்து பசறை போகும் வழியில் ஒரு தோட்டம். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் என்னிடம் படித்த ஒருவன் அங்கே தொழிலாளியாக இருந்தான். அவனுடைய மூத்த மகன் டுபாயில் ஒரு ஹோட்டலின் சமையற்கட்டில் வேலை பார்த்தான். அந்தப் பிள்ளைக்கு அப்பாயி ஒருத்தி. அப்பொழுது வயது எண்பத்தெட்டு. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த அம்மையாரின் கதைதான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளுக்குக் கட்டுநாயக்க விமான நிலையம் மூடப்பட்டது. மறுநாள் மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம். அயல்நாட்டில் இருந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். அரசாங்கம் ஒழுங்கு செய்த விசேஷ விமானங்களில் மாணவர்களும் தொழிலாளர்களும் சிறிது சிறிதாக அழைத்துவரப்பட்டனர். மே மாதம் குவைத்திலிருந்து வந்தவர்களில் பலருக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் அதுவும் தயங்கியது. நம் மாணவனின் உயிர் பிரிந்தது இந்த இடைக்காலத்தில், 2020 ஜூன் மாதத்தில். கொரோனா அல்ல, மாரடைப்பு. மலைச்சரிவில் இருக்கும் தோட்டத்து மயானத்துக்கு ஏழெட்டுப் பேர் சுமந்து சென்றார்கள். டுபாயிலிருந்த மூத்த மகன் அந்தக் காட்சியைக் கைத்தொலைபேசியில் கண்டான். அதுவும் முழுமையாகக் காணவில்லை. மயானத்தில் சமிக்ஞை கிடையாது; ஆகவே பெட்டியை இறக்கும் சமயத்தில் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ஒரு பிடி மண் போட முடியாத மகன் அதற்குப் பின் பல மாதங்கள் என்னோடு பேசும் போதெல்லாம் ஒரே வினாவைத்தான் கேட்டான்: "சேர், எப்ப வரலாம்?"

(சமிக்ஞை என்றதும் நினைவு வருகிறது. பதுளை மாவட்டத்தில் பொகிட்டியாவ என்னும் சிற்றூரில், தொலைபேசி வழியாகப் பாடம் கேட்பதற்காக ஆசிரியர்களும் பிள்ளைகளும் மலையுச்சிக்கு ஏறிப் போனதை 2021இல் உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. கட்டுரை எழுதும் மாணவி இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

எப்பொழுது வரலாம் என்பது எளிய வினா. எப்பொழுது திரும்பலாம் என்பதுதான் கடினமானது. 2021 ஜனவரி 21ஆம் திகதி விமான நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் நாடு திரும்பும் இலங்கையர், அனுமதி பெற்று ஆசனம் கிடைக்கும்வரை காத்திருந்தே வரவேண்டியிருந்தது. வந்ததும் பதினான்கு நாள் தனிமைப்படுத்தல் நிலையத்தில் இருக்க வேண்டும். அதன் பின்னும் சில நாள் வீட்டை விட்டு வெளிவரலாகாது. ஹோட்டல் முதலாளி மூன்று மாத விடுமுறை தருவதாகச் சொல்லியிருந்தார். வியாபாரம் மந்தமாகையால் சம்பளமில்லாத விடுமுறை. மூன்று மாதத்தில் ஒரு மாதம் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். அத்துடன் அமீரகத்தின் குடியேற்ற விதி ஒன்றிருந்தது. அங்கே வதிவிட அனுமதி பெற்ற ஒருவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அந்த அனுமதி செல்லாமற் போகும். 180 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி, சுவர்க் காலண்டரையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்தேன். தொலைபேசி பலகையின் மேல் இருந்தது. அதிலிருந்து பிள்ளையின் குரல் வந்தது. அப்பாயி வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை அப்பொழுது டுபாயில் தடுப்பூசி முதலாம் தடவை ஏற்றிக்கொண்டிருந்தான். சினோபாம் எனும் சீனத்து ஊசி. அமீரகத்தில் பொதுமக்களுக்கு இலவசமாகப் போட்டார்கள். இரண்டாம் ஊசி மூன்று வாரம் கழித்து, ஜனவரி முடிவில். இதற்கிடையில், அவனுக்கு ஜனவரி 24ஆம் திகதி ஓர் ஆசனம் கிடைப்பதாகச் செய்தி வந்தது. நான் உடனே, "ஏறிவிடு தம்பி, கிடைத்த ஆசனத்தை விடலாகாது, இரண்டாம் ஊசியை இங்கே வந்து போட்டுக்கொள்ளலாம்" என்றேன். படித்தவன் சொல் அல்லவா? அவனும் சரி என்றான்.

வெற்றிலை உரலின் சத்தம் நின்றது.

"வாத்தியாரையா, பாதி ஊசியோட வரச் சொல்லாதீங்க. வர்றதுக்கு விட்டுருவாங்க. திரும்பிப் போறப்ப மறிப்பாங்க. நான் மண்டபத்துல பார்த்திருக்கேன்."

மண்டபம் என்று அந்த அம்மையார் சொன்னதை இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். இராமேசுவரத்துக்கு அப்பால், பாம்பன் கால்வாயின் பெருநிலக் கரையில் மண்டபம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரைத் தங்கவைத்துச் சோதிப்பதற்கென்று ஒரு பெரிய முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் என்பது அதன் விசேஷம். இதற்கு முன்னோடி தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இருந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் மூண்டதிலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து வரும் ஒவ்வொரு கூலிக்காரனையும் நோயின் தூதுவனாகவே இலங்கை அதிகாரிகள் பார்க்கலாயினர். அதற்கும் முன்னரோ சோதனையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள் வாந்திபேதியால் வழிநெடுக மாண்டார்கள். அந்தப் பாதையோரத்துச் சாவுகளை முறையாக எண்ணியவர் எவருமில்லை.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற் சேவையும் வந்த பின்னர் மண்டபமே வாயிலாயிற்று. திருச்சிச் சீமையில் ரயிலேறுபவன் மண்டபம் முகாமில் இறக்கப்படுவான். குளிக்கவைப்பார்கள், உடுத்த துணியை வாங்கி நீராவியில் அவிப்பார்கள், வைத்தியர் பார்ப்பார், அம்மைக்கு ஊசி குத்துவார்கள். சோறு அளந்து போடுவார்கள். ஐந்தாறு நாள் நோய்க்குறி இல்லை என்றால் தனுஷ்கோடிக்குப் போகலாம். அங்கே கப்பல், இர்வின், கோஷன் என்ற பெயர்களைப் பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். தலைமன்னாரில் மறுபடி ரயில். பொல்காவலையில் மாறி, மலையேறி, ஹப்புத்தளைக் குளிரைக் கடந்து, ஒன்பது வளைவுப் பாலத்தைத் தாண்டித் தெமோதரையிலோ பதுளையிலோ இறங்கினால், அங்கிருந்து தோட்டத்துக்கு நடை.

கப்பலின் முதல் வகுப்பில் வந்தவர்களுக்கு இத்தனை நாள் மறியல் இல்லை என்பதையும் குறித்துவிட வேண்டும். நோய்க்கு வகுப்புத் தெரியாது, சட்டத்துக்குத் தெரியும்.

இன்னொன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு வரும் தொழிலாளியின் கழுத்தில் தகரத் தகடு ஒன்று தொங்கும். தோட்டத்தின் அடையாளமாக எழுத்தும் இலக்கமும் அதில் பொறித்திருக்கும். அதைக் காட்டினால் வழியிலுள்ள அதிகாரிகள் அவனை இன்ன தோட்டத்துக்கு உரியவன் என்று கண்டு அனுப்பிவைப்பார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். 2021இல் நம் பிள்ளையின் தொலைபேசித் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம் தோன்றிற்று. அதைக் காட்டினால்தான் ஊசி போட்டவன் என்று கடைக்குள்ளும் விடுவார்களாம். அப்பாயியிடம் அதைச் சொன்னபோது, "தகரம்னு சொல்லு" என்றார். அவருடைய தகப்பனாரின் தகப்பனார் தகரம் கட்டி வந்தவராம்.

இனி அந்த அம்மையார் மண்டபத்தில் கண்டது என்ன? 1943ஆம் ஆண்டு. அவருக்குப் பத்து வயது. தகப்பனாரின் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து கடிதம் வர, குடும்பத்தோடு புறப்பட்டார்கள். புறப்படுவதற்கே யோசனை இருந்தது. ஏனென்றால் 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி, இலங்கைக்குத் தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வதை இந்திய அரசாங்கம் தடை செய்திருந்தது. இங்கே இந்தியரை நடத்தும் விதத்துக்கு எதிராகச் செய்த தடை அது. பழைய தொழிலாளர் போய்வருவதற்குப் பின்னர் தளர்வு வந்ததாயினும், போனவன் தோட்டத்தின் கடிதத்தோடு திரும்ப வேண்டும். ஊரில் பாட்டி இரண்டு மாதம் கிடந்து இறந்தார். பிறகு நிலத்தைப் பற்றிச் சகோதரருக்குள் வழக்கு. பிறகு வாந்திபேதி பரவியது. பிறகு அம்மாவுக்குப் பிள்ளைப்பேறு. இப்படி நாள் நகர்ந்தது. திரும்பும்போது மண்டபத்தில் தம்பிக்கும் ஒரு பெரியம்மாவுக்கும் அம்மை குத்தியது எழும்பவில்லை என்று மறுபடி குத்தி நிறுத்திவைத்தார்கள். அவர்களுக்காகக் குடும்பமே நின்றது. ஊர் போன நாளிலிருந்து தோட்டம் வந்து சேர்ந்த நாள்வரை பதினான்கு மாதம்.

"அந்தப் பதினாலு மாசம் எங்கப்பாவைத் தின்னுருச்சு வாத்தியாரையா" என்றார் அம்மையார்.

இதைச் சரியாக விளங்கிக்கொள்ள, சட்டத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை இலங்கைப் பிரஜைகள் அல்லர் என்று ஆக்கிற்று. மறு வருடம் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் விண்ணப்பம் செய்து பிரஜாவுரிமை பெறலாம் என்றது. நிபந்தனை உண்டு. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், விவாகமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் இடைவிடாமல் இங்கே வசித்திருக்க வேண்டும். இடையில் ஊர் போய் வந்திருக்கலாம்; ஆனால் ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அந்த வசிப்பு அறுந்ததாகக் கொள்ளப்படும். விண்ணப்பம் செய்யக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5.

ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. இந்தக் குடும்பத்தின் விண்ணப்பமும் தள்ளப்பட்டது. விசாரணையில் தகப்பனார் உண்மையைச் சொல்லிவிட்டார்: பதினான்கு மாதம் என்று. பக்கத்து லயத்துக்காரர் பத்து மாதம் என்று சொல்லித் தப்பினாராம். எது நியாயம், எது அநியாயம் என்று இங்கே தீர்ப்புக் கூற எனக்கு மனமில்லை. தாயின் மரணத்துக்காகப் போனவனிடம் நாள் எண்ணிய சட்டத்தின்மீதுதான் எனக்குக் கோபம்.

அதன் பின் நடந்தவை நாடறிந்தவை. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கீடு. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மண்டபத்தில் அம்மை எழும்பாமல் நின்ற அதே தம்பி எழுபதுகளில் மனைவி மக்களோடு இந்தியா போனார். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோயிருந்தபடியால் கப்பல் இராமேசுவரத்துக்குப் போயிற்று. அவர் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மீண்டும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை பெற்றார். "ஒரு தரம் வந்து பார்த்துட்டுப் போறேன் அக்கா" என்று சொல்லிப் போனவர், வரவில்லை. எண்பதுகளில் கப்பலும் நின்றுபோனது. தகப்பனார் எந்த நாட்டுக்கும் பிரஜையாகாமலே தோட்டத்தில் இறந்தார். அம்மையாருக்கோ 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் இலங்கைப் பிரஜை என்ற பெயர் கிடைத்தது. அப்பொழுது வயது எழுபது. அந்தச் சட்டத்தால்தான் அவருடைய பேரனும் பின்னாளில் கடவுச்சீட்டு எடுத்து டுபாய்க்குப் போக முடிந்தது.

ஆகவே, வெற்றிலை உரலை நிறுத்திவிட்டு அந்த அம்மையார் சொன்ன வார்த்தையை நான் அலட்சியம் செய்திருக்கக் கூடாது. செய்தேன். "அது அம்மைக் காலம் ஆச்சி, இது வேறு" என்று விளக்கம் கொடுத்தேன். நல்ல வேளையாகப் பிள்ளை என் சொல்லைக் கேட்கவில்லை; அப்பாயி சொல்லைக் கேட்டான். ஜனவரி 24 ஆசனம் போயிற்று. இரண்டாம் ஊசி போட்டுக்கொண்டு, சான்றிதழை அச்சிட்டுப் பெற்று, பெப்ரவரி 16ஆம் திகதி புறப்பட்டான். நான் காலண்டரில் அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அப்பாயி, "போற நாளை விடுங்க. திரும்புற நாளுக்கு வட்டம் போடுங்க" என்றார். 180 நாள் எண்ணினேன். ஆகஸ்ட் 15 வந்தது. அதற்கும் ஒரு வட்டம். மே மாதத்திலேயே போகப்போகிறவனுக்கு ஆகஸ்டில் எதற்கு வட்டம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இராணுவத்தினர் நடத்திய நிலையம் ஒன்றில் பதினான்கு நாள் இருந்தான். சாப்பாடு நன்று, உறக்கம் இல்லை என்றான். தியத்தலாவையில் போட்டிருந்தால் அவனுக்கு வீட்டு மலையின் காற்றாவது கிடைத்திருக்கும். 2020 பெப்ரவரியில் சீனாவின் வூஹான் நகரிலிருந்து அழைத்துவரப்பட்ட 33 பேரை முதன்முதலாகத் தங்கவைத்தது நம் தியத்தலாவை இராணுவ முகாமில்தான். மக்களை அடைத்துவைப்பது அந்த ஊருக்குப் புதிதன்று. 1900இல் தென்னாபிரிக்கப் போயர் யுத்தக் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை வெள்ளையர் அங்கே தான் கொண்டுவந்து வைத்தார்கள். குளிரும் பைன் மரமும் உள்ள இடத்தை விடுமுறைக்கும் தேர்ந்தெடுக்கலாம், சிறைக்கும் தேர்ந்தெடுக்கலாம் போலும்.

மார்ச் தொடக்கத்தில் வீடு வந்தான். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வெளியானதும் அந்த மார்ச்சில்தான். "அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்று சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து, "நான் டுபாய்க்குப் போகாமலேயே இருந்திருப்பேனோ?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. முதல் நாளே தகப்பன் குழிமேட்டுக்குப் போனான். ஒரு வருட மழையில் மேடு அமிழ்ந்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. ஒரு பிடி மண் எடுத்துப் போட்டான்.

அவன் வந்த காரியங்களில் ஒன்று மட்டும் முடியாது என்று இருந்தது. தகப்பனுக்கு முதலாண்டுத் திவசம் ஜூனில் வரும். விடுமுறையோ மே மாதத்தோடு முடியும். தங்கையே செய்யட்டும் என்று ஒழுங்காயிற்று. மே மூன்றாம் வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தான்.

மே 12ஆம் திகதி நள்ளிரவோடு, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வரும் பயணிகளை அமீரகம் தடுத்துவிட்டது. இங்கேயும் நோய் கடுமையாகப் பரவி, மே 21 முதல் ஒரு மாதம் நாடு முழுவதும் நடமாட்டத்தை முடக்கினார்கள். பிள்ளை திண்ணையில் உட்கார்ந்தான். பணம் கரைந்தது. முதலாளி முதலில் "பரவாயில்லை" என்றார், பிறகு "எப்பொழுது வருகிறாய்?" என்றார், பிறகு செய்தி அனுப்புவதையே நிறுத்தினார். டுபாயில் அவனோடு ஓர் அறையில் இருந்தவன் அவனுடைய கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். பிள்ளை தோட்டத்தில் கைகாசுக்குக் கொழுந்து பறிக்கப் போனான். நாலு வருடம் ஹோட்டலில் வெங்காயம் அரிந்த கை ஒரு நாளில் பதினொரு கிலோதான் எடுத்தது என்று தங்கை கேலி செய்தாள்.

திவசம் வந்தது. முடக்கம் நீங்கவில்லை. ஐயரும் வரமுடியாது, உறவினரும் வரமுடியாது. பிள்ளை குளித்து, ஈர வேட்டியோடு, வாழையிலையில் தகப்பனுக்குப் பிடித்த ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்து, தானே படைத்தான். ஐந்து பேர் இருந்தார்கள். அமீரகம் தடுக்காமல் விட்டிருந்தால் அவன் அன்று அங்கே நின்றிருக்க மாட்டான் என்பதை அப்பாயிதான் கூறினார். அதற்காக அமீரகத்துக்கு ஒரு வெற்றிலையும் வைத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் பிறந்தது. ஊவாக் காற்று வீசத் தொடங்கி, தேயிலை வாசமேறும் பருவம். அம்மாதம் 5ஆம் திகதி முதல் (1951இல் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக இருந்த அதே திகதி, அம்மையார் இதைக் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன்) அமீரகம் ஒரு சலுகை அறிவித்தது. செல்லுபடியான வதிவிட அனுமதி இருந்து, அமீரகத்திலேயே இரு ஊசிகளும் போட்டு, இரண்டாம் ஊசிக்குப் பின் பதினான்கு நாள் கடந்தவர்கள் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் திரும்பலாம். பிறநாட்டில் ஊசி போட்டவர்களுக்கு அப்பொழுது இடமில்லை. அவர்கள் இன்னும் சில வாரம் காத்திருந்தார்கள்.

அந்த அறிவித்தலை நான் வாசித்துக் காட்டியபோது வெற்றிலை உரலின் சத்தம் நிற்கவில்லை. நான் சொன்ன ஜனவரி 24 ஆசனத்தில் அவன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அம்மையார் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு அதுவே தண்டனையாக இருந்தது.

பிறகு ஆயத்தம். மாணவி கேட்டது இதைத்தானே, சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அமீரகத்தின் குடியேற்ற இலாகாவிடம் தொலைபேசி வழியே அனுமதி. அதற்கு ஊசிச் சான்றிதழ். அச்சிட்டு வைத்திருந்தபடியால் தேடவேண்டியிருக்கவில்லை. பிறகு 48 மணி நேரத்துக்குள் எடுத்த பீ.சி.ஆர். முடிவு. பதுளையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வண்டியில் எட்டு மணி நேரமாவது வேண்டும். முடிவு கைக்கு வர ஒரு நாள். ஆகவே சோதனையைக் கொழும்புப் பக்கம் போயே செய்வதென்று தீர்மானித்து, இரண்டு நாள் முன்னதாகக் கீழே இறங்கினான். விமானம் ஏறுவதற்குச் சில மணிக்கு முன் விமான நிலையத்திலேயே இன்னொரு விரைவுச் சோதனை. அதில் தவறினால் எல்லாம் தவறும். முதலாளிக்கு மட்டும் நாங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை. விமானச்சீட்டின் படத்தை நேரே அனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "வா."

ஆகஸ்ட் 12ஆம் திகதி போய் இறங்கினான். 177ஆம் நாள். அதற்கு எட்டு நாள் கழித்து இங்கே மறுபடியும் ஊரடங்கு.

மறுநாள் மாலை தொலைபேசி ஒலித்தபோது நானும் அந்தத் திண்ணையில் இருந்தேன். வந்து சேர்ந்துவிட்டேன், சோதனை முடிவு வரும்வரை அறையில் இருந்தேன், நாளை வேலைக்குப் போகிறேன் என்றான். அப்பாயி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொள்ளாமல் முகத்துக்கு நேரே பிடித்து உரக்கக் கேட்டார்:

"கேம்புல எத்தனை நாள் வச்சிருந்தாங்க?"

"வைக்கல அப்பாயி. நேரா ரூமுக்கு வந்துட்டேன்."

அம்மையார் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "பொய் சொல்றான் வாத்தியாரையா. நாங்க வருத்தப்படுவோம்னு மறைக்கிறான். நீங்க கேளுங்க, சோறு ஒழுங்கா போட்டாங்களான்னு."

நான் வாங்கிக் கேட்டேன்.